பிடித்துத் தைத்த இடுப்பு

போன வாரம் எடை மெஷினைச் சமையலறை வாசலில் விட்டுவிட்டு வந்தோம். அது அங்கேயேதான் கிடக்கிறது. விடிந்தால் ஞாயிறு, விடிந்துவிட்டது. டெய்லரம்மா முதலில் ஏறினாள்.

முள் போன ஞாயிறு நின்ற இடத்திலேயே நின்றது. ஒற்றைக் காலில் நின்று பார்த்தாள். மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தாள். இறங்கி, வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி ஏறினாள். அந்த மெஷினுக்கு ஈவு இரக்கமே கிடையாது.

"நீங்க ஏறுங்க" என்றாள் கணவரிடம்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமையிலும் யாராவது இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு கூப்பிடுவார்கள் என்று கறுப்பு யூனிஃபார்ம் பேண்ட்டைக் காலையிலேயே போட்டுக்கொண்டு விடுவார். செல்போனையும் சாவிக்கொத்தையும் எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு ஏறினார். எடையில் ஏமாற்றக் கூடாது பாருங்கள், அவ்வளவு நேர்மை.

அவருக்கும் முள் பழைய இடத்திலேயே நின்றது.

"சரி விடுங்க. உடம்புன்னா அப்படித்தான். மெதுவாத்தான் குறையும்" என்றாள் டெய்லரம்மா. ஆறுதல் சொல்லும் குரலில் அத்தனை சந்தோஷம் இருக்கக் கூடாது. இருந்தது.

இடையில் ஒரு வாரம் விட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. கணவன் மனைவி இருவருக்குமே ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னார். சாப்பாட்டை மாற்றுங்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள், குறையவில்லை என்றால் மாத்திரை என்றார். அன்று சாயங்காலமே டெய்லரம்மா செல்போன் வீடியோவில் ஓர் இடுப்பு மெலிந்த பெண்மணியைக் கண்டுபிடித்தாள். அந்தப் பெண்மணி சொன்னதுதான் இந்த வீட்டின் சட்டம். காலையில் ஒரு டம்ளர் பச்சைச் சாறு. மத்தியானம் பச்சைக் காய்கறி, இரண்டு முட்டை. ராத்திரி ஒரு கிண்ணம் சூப். சோறும் ரொட்டியும் வாசற்படி ஏறக்கூடாது. இருவருக்கும் ஒரே தட்டு, ஒரே அளவு.

முதல் சில வாரங்கள் அவருக்கு இறங்கியது. அவளுக்கு இறங்கவில்லை. அந்த வாரங்களில் அந்த வீட்டுப் பாத்திரங்கள் பட்ட பாட்டைத்தான் பார்த்தோமே. அப்புறம் அவருக்கும் முள் அசையாமல் நின்றுவிட்டது. பாத்திரங்கள் பிழைத்தன.

நாளைக்குத் திங்கட்கிழமை. காலையில் வெறும் வயிற்றில் இருவருக்கும் ரத்தப் பரிசோதனை.

மாத்திரைக்கு அவள் பயப்படவில்லை. அவள் அம்மாவும் தையல்காரிதான். அம்மாவின் கண்ணைச் சர்க்கரை தின்றுவிட்டது. கடைசிக் காலத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெட்டிப்போட்ட துணியை விரலால் தடவிக்கொண்டே, "இது என்ன கலர்டி?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். பச்சை என்றால், "என்ன பச்சை?" என்பாள். அந்தக் கேள்வி இன்னும் டெய்லரம்மாவின் காதை விட்டுப் போகவில்லை. அவளுக்குக் கண்தான் பிழைப்பு. அது போனால் அவளிடம் வேறு என்ன இருக்கிறது?

பச்சைச் சாற்றைக் குடித்தாள். குடித்த அரை மணியில் வயிறு கத்த ஆரம்பித்தது. தினமும் கத்துகிற கத்தல்தான்.

அதற்குள் செல்போன் கத்தியது. ஏதோ ஒரு குடியிருப்பில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஒரு கர்ப்பிணி. மெக்கானிக் பதறிப்போய், போட்டிருந்த பேண்ட்டில் முந்தின நாள் கிரீஸ் இருப்பதைப் பார்த்து, அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றை மாட்டிக்கொண்டு ஓடினார். அந்த அவசரத்தில்தான் அவர் அந்தத் தப்பைச் செய்தார்.

டெய்லரம்மா எந்தத் துணியையும் உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் தண்ணீரில் போட மாட்டாள். மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள் என்றால் இவள் தையலைப் பார்ப்பாள். அன்றும் பேண்ட்டைத் திருப்பினாள். திருப்பியவள் அப்படியே நின்றாள்.

பேண்ட்டின் இடுப்பைப் பின்பக்கம் சுருக்கிப் பிடித்துத் தைத்திருந்தார்கள். நன்றாக இரண்டு விரல் அகலத்துக்கு.

அவள் தைக்கவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதரின் துணியில் வேறு கை பட்டதே கிடையாது. ஒரு பட்டன் தெறித்தால்கூட அவளிடம்தான் வந்து நிற்பார். இப்போது யாரோ ஒருத்தி அவர் இடுப்பில் டேப்பைச் சுற்றி, அளவு எடுத்து, சாக்குக் கட்டியால் கோடு போட்டு, பிடித்துத் தைத்துக் கொடுத்திருக்கிறாள். இவரும் கையைத் தூக்கிக்கொண்டு ஆடாமல் அசையாமல் நின்றிருக்கிறார். அந்தக் காட்சி கண் முன்னால் வந்ததும் அவளுக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்தது. பசி எரிச்சலா, இந்த எரிச்சலா என்று பிரிக்க முடியவில்லை.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இடுப்புப் பட்டையின் அடியில், பிடித்த இடம் திரும்பிக்கொள்ளாமல் இருக்க, கையால் மூன்று குறுக்குத் தையல் போட்டிருந்தது.

அது அவளே கண்டுபிடித்த வேலை. வேறு எந்த டெய்லரும் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வதில்லை. அதை அவள் சொல்லிக் கொடுத்தது ஒரே ஓர் ஆளுக்குத்தான்.

நாத்தனாருக்கு.

மெக்கானிக்கின் தங்கை. அண்ணன் வாய் நிறைய "குட்டி" என்று கூப்பிடுகிற தங்கை. இதே வீட்டில் தங்கி, டெய்லரம்மாவின் தையல் மெஷினில் தொழில் பழகி, இரண்டு வருஷத்துக்கு முன்னால் அடுத்த தெருவில் ஆளுயரக் கண்ணாடி வைத்துத் தனிக்கடை போட்டுக்கொண்டு போனவள். போகும்போது டெய்லரம்மாவின் வாடிக்கையாளர்கள் சிலரும் பின்னாலேயே போனார்கள். அன்றோடு பேச்சு நின்றது. கல்யாண வீடுகளில் எதிரே பார்த்தால் சிரித்துக்கொள்வார்கள். பல் மட்டும் சிரிக்கும்.

"அட, உனக்கு இடுப்பு பிடிக்க வேற ஆளே கிடைக்கலையாய்யா?" என்று பேண்ட்டைப் பார்த்தே கேட்டாள்.

அதிலும் தையல் கோடு ஓர் இடத்தில் வளைந்து ஓடியிருந்தது. மூன்று குறுக்குத் தையலில் ஒன்று பட்டையைத் தாண்டி விழுந்திருந்தது. கறுப்புத் துணியில் போட்டிருந்த நூலோ கருநீலம். டெய்லரம்மா உதட்டைச் சுழித்தாள். கறுப்புக்கும் கருநீலத்துக்கும் வித்தியாசம் தெரியாத மகராசிதான் ஆளுயரக் கண்ணாடி வைத்திருக்கிறாள். இந்த நினைப்பு கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, ரொம்பவே குளிர்ச்சியாக இருந்தது.

குளிர்ச்சி அதிக நேரம் நிற்கவில்லை. எடை குறையாத மனிதருக்கு இடுப்பை எதற்குப் பிடிக்க வேண்டும்?

பேண்ட் பையில் கையை விட்டாள். ஒரு பெரிய போல்ட் வந்தது. மெக்கானிக் பையில் போல்ட் இருப்பது சகஜம்தான். இன்னொன்று வந்தது. அடுத்த பையில் நான்கு நட்டு. பின்பையில் ஓர் இரும்புத் துண்டு. முழங்கால் பையில் மறுபடியும் போல்ட். எல்லாவற்றையும் தரையில் குவித்து, கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். அப்புறம் குவியலை அள்ளிக்கொண்டு போய் எடை மெஷின் மேல் வைத்தாள்.

முள் மூன்றைத் தாண்டி நின்றது.

அந்த மூன்று கிலோவையும் சேர்த்து அவர் வாராவாரம் ஏறியிருக்கிறார். அதாவது அவருக்குக் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. ஒரே தட்டு, ஒரே அளவு, ஒரே பச்சைச் சாறு. அவருக்குக் கரைகிறது, இவளுக்குக் கரையவில்லை.

பொறாமை என்றால் பொறாமைதான், அதற்கு வேறு பெயர் வைத்து என்ன ஆகப் போகிறது? கட்டின புருஷனின் உடம்பு தேறுகிறதே என்று ஒரு பெண்ணுக்கு வயிறெரியலாமா என்று கேட்பீர்கள். கேளுங்கள். அவளும் கேட்டுக்கொண்டாள். எரிந்தது.

நேரே முன்னறைக்குப் போனாள். அதுதான் அவள் தையற்கடை. பட்டன் டப்பாவைத் திறந்து, மேல் தட்டைத் தூக்கி, அடியிலிருந்த பிஸ்கட்டில் ஐந்தாறு எடுத்து நின்றபடியே தின்றாள். தினமும் சாயங்காலம் கை நடுங்கும்போது ஒன்றிரண்டு தின்பதுதான். யாருக்கும் தெரியாது. அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, பேண்ட்டைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தாள்.

கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் எதிரே ஆளுயரக் கண்ணாடியில் அவளே தெரிந்தாள். இடுப்புப் பக்கம் தன்னையே பார்க்கப் பிடிக்காமல் கண்ணைத் திருப்பினாள். திருப்பிய இடத்தில் நூல் கோத்த ஊசிகள் வரிசையாக, தையல் மெஷினுக்கு மேலே ஒன்றுக்கு இரண்டாக விளக்குகள்; அதற்கும் வயிறெரிந்தது.

குட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வெட்டு மேசையின் ஓரத்தில் துணியை ஒதுக்கிவிட்டு, தட்டை வைத்து, நிதானமாக. தட்டில் பாதிக்கு வேகவைத்த காய்கள். ஒரு பக்கம் பருப்பு, ஒரு முட்டை. இன்னொரு பக்கம் சோறு.

சோறு.

இந்தக் குட்டிக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. எல்லைக்கோடு எல்லாம் இல்லை, உள்ளேயே குடியிருக்கிறது. அவள் சோறு தின்கிறாள், ஒடிசலாகவும் இருக்கிறாள். டெய்லரம்மா சோற்றை நாவால் தொட்டு மாதக்கணக்காகிறது.

"வாங்க அண்ணி" என்று குட்டி எழுந்தாள். திடுக்கிட்டதை மறைக்கத் தெரியவில்லை. "உக்காருங்க. சாப்பிடறீங்களா?"

"சாப்பிட வரல." பையிலிருந்து பேண்ட்டை எடுத்து மேசை மேல் விரித்தாள். "இது யார் வேலை?"

குட்டி பேண்ட்டைப் பார்த்தாள். பார்க்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள். "என் வேலைதான்."

"எங்க வீட்டு ஆம்பளைக்குத் துணி தைக்க நான் இல்லையா? இல்ல, செத்துப் போயிட்டேனா?"

"அண்ணி, அப்படியெல்லாம் பேசாதீங்க."

"எப்போலேர்ந்து வந்துட்டுப் போறார் இங்க?"

"அண்ணன் தங்கச்சி வீட்டுக்கு வர்றதுல என்ன அண்ணி இருக்கு? ஒண்ணும் திருட்டுத்தனமா வரல." சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் யோசித்தாள். "சரி, திருட்டுத்தனமாத்தான் வந்தான்."

"பேண்ட்டு நழுவுதுன்னா என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா என்ன செய்வீங்க?"

டெய்லரம்மா பேண்ட்டின் சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டாள்.

"முதல் மாசம் அவனுக்குக் குறைஞ்சப்ப ரெண்டு நாள் அவன்கூடப் பேசலையாமே. சாறு டம்ளரை டொம்முனு வச்சீங்களாம். வந்து இங்கதான் உக்காந்திருந்தான். 'குட்டி, எனக்குக் குறையறதைப் பாத்தா அவ முகமே வாடிப் போகுது, நான் குறையாம இருக்க என்ன வழி'ன்னு கேக்கறான். உலகத்துல எவனாவது இப்படிக் கேப்பானா? பாக்கெட்டுல போல்ட் போட்டுக்கற யோசனை என்னோடது இல்ல. அது அவனே பண்ணது."

"இதெல்லாம் உன்கிட்ட வந்து சொல்லுவார். என்கிட்ட சொல்ல மாட்டார்."  எது அதிகமாக வலித்தது என்று அவளுக்கே தெரியவில்லை. போல்ட்டா, இந்தக் கடையில் வந்து உட்கார்ந்து பேசியதா? "வேற என்னல்லாம் சொன்னார்?"

குட்டி வெகுளி. "பட்டன் டப்பாவுல பிஸ்கட் இருக்கிறதைச் சொன்னான்."

டெய்லரம்மாவுக்கு முகம் சிவந்தது. காது சிவந்தது. உடம்பில் சிவக்க என்னென்ன உண்டோ அத்தனையும் சிவந்தது.

"தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலையே என்னை."

"கேட்டா நீங்க அதையும் நிறுத்திடுவீங்க, அப்புறம் மயங்கி விழுந்துடுவீங்கன்னு பயந்தான்."

அந்தச் சொல்லுக்குக் காத்திருந்த மாதிரி கை நடுங்க ஆரம்பித்தது. நெற்றியில் வியர்த்தது. கண்ணாடியில் இருந்த பெண் லேசாக ஆடினாள். குட்டி ஓடிவந்து தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"சாறு."

"அப்புறம்?"

"...பிஸ்கட்."

குட்டி வேறு எதுவும் கேட்காமல் இன்னொரு தட்டை எடுத்துக் காய், பருப்பு, முட்டை, ஒரு கரண்டி சோறு என்று வைத்து நீட்டினாள். டெய்லரம்மா வேண்டாம் என்று தலையாட்டினாள். தலை ஆடிக்கொண்டிருக்கும்போதே கை தட்டை வாங்கிக்கொண்டது. முதல் வாய் உள்ளே போனதும் கண்ணில் தண்ணீர் வந்தது. சோற்றுக்கு அழுகிற வயதா இது? ஆனாலும் அழுதாள்.

"மெதுவா. மென்னு சாப்பிடுங்க" என்றாள் குட்டி. "அண்ணி, உங்களை எனக்குத் தெரியாதா? நம்ம வீட்டு மனுஷங்கள்ல எழுந்ததும் பசிக்கிற ஒரே ஆள் நீங்கதான். காலையில நல்லா சாப்பிட்டுட்டு மெஷின்ல உக்காந்தா மத்தியானம் வரைக்கும் தலை நிமிர மாட்டீங்க. அண்ணன் அப்படியே நேரெதிர். சின்ன வயசுலேர்ந்து காலையில அவனுக்குச் சாப்பாடு இறங்காது. வெறும் டீயிலயே பாதி நாளை ஓட்டுவான். நாள் முழுக்க மாடிப்படி வேற ஏறி இறங்கறான். அந்தச் சாறும் பச்சைக் காயும் அவனுக்குப் பொருந்துது. உங்களுக்குப் பொருந்தல. அவ்வளவுதான் விஷயம். நீங்க தோத்துப் போகல."

"உனக்குச் சோறு பொருந்துதாக்கும்."

"இந்த அளவு பொருந்துது. பாதித் தட்டு காய் இருந்தா பொருந்துது. இருட்டறதுக்கு முன்னாடி ராச்சாப்பாட்டை முடிச்சுட்டா பொருந்துது. இதை நீங்க அப்படியே காப்பி அடிச்சுடாதீங்க அண்ணி, அதான் எனக்குப் பயம். க்ளினிக்ல டயட்டீஷியன் ஒரு அம்மா இருக்காங்க. எது சாப்பிடணும்னு அவங்க சொல்றதுக்கு முன்னாடி, எப்போ பசிக்குது, என்ன வேலை, எதைச் சாப்பிட்டா சந்தோஷமா இருக்குன்னு முதல்ல கேட்டாங்க. இத்தனை வருஷத்துல யாரும் என்கிட்ட அதைக் கேட்டதே இல்ல. நாளைக்கு ரத்தம் குடுத்துட்டு நேரா அவங்க ரூமுக்குப் போங்க. தனியா போங்க. அண்ணன் தட்டைத் தூக்கிக்கிட்டுப் போகாதீங்க."

டெய்லரம்மா தட்டை வழித்துச் சாப்பிட்டாள். நடுக்கம் நின்றது. நடுக்கம் நின்றதும் பொறாமை நிமிர்ந்து உட்கார்ந்தது. சாப்பாட்டையும் அறிவுரையையும் இவளிடம் வாங்கிக்கொண்டு சும்மா போவதா? பேண்ட்டை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"எல்லாம் சரி. வேலையில மட்டும் ஏன் இந்த லட்சணம்? கோடு வளையுது. குறுக்குத் தையல் பட்டையைத் தாண்டுது. நான் இப்படியா உனக்குச் சொல்லிக் குடுத்தேன்? நூல் வேற நீலம். கஸ்டமருக்கும் இப்படித்தான் குடுக்கறியா?"

குட்டி சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "நீலமா அது?" என்றாள்.

ரொம்ப மெல்லக் கேட்டாள். டெய்லரம்மா திட்டுகிற வேகத்தில் அதைக் காதில் வாங்காமல் விட்டிருப்பாள். ஆனால் அந்தக் கேள்வி அவள் காதுக்குப் பழக்கமான கேள்வி.

தலை நிமிர்ந்து கடையைப் பார்த்தாள். உள்ளே வந்தபோது பார்த்தவற்றையே மறுபடி பார்த்தாள். ஊசி குத்தும் மெத்தையில் வரிசையாக ஊசிகள், ஒவ்வொன்றிலும் நூல் கோத்துத் தயாராக. எவ்வளவு ஒழுங்கு பார் என்று அப்போது வயிறெரிந்தாளே, அந்த ஊசிகள்தான். மெஷினுக்கு மேலே ஒன்றுக்கு இரண்டாக விளக்குகள். என்ன பணக்காரத்தனம் என்று நினைத்தாளே, அந்த விளக்குகள்தான்.

"யார் கோத்து வச்சது ஊசியெல்லாம்?"

"பக்கத்து மருந்துக்கடை அக்கா. காலையில வந்து கோத்துக் குடுத்துட்டுப் போவாங்க."

"குட்டி, என்னை நேராப் பாரு."

குட்டி பார்த்தாள். நேராகப் பார்ப்பதற்கு முகத்தைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்ப வேண்டியிருந்தது.

"வலது கண்ணு புகை மூட்டமா இருக்கு அண்ணி. இடதுல பரவால்ல. லேசர் வைக்கணும்னு சொல்லியிருக்காங்க. இதுக்கு மேல போகாம நிறுத்திடலாமாம். போனது போனதுதான்." தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது மாதிரி. "சர்க்கரைன்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து நான் என்ன பண்ணேன்னு உங்களுக்கே தெரியும். ஃபிரண்டு சொன்னான்னு ஒரு வாரம் பட்டினி. பத்திரிகையில போட்டிருக்கான்னு ஒரு வாரம் வெறும் பழம். அப்புறம் ஆத்திரம் தாங்காம கண்டதையும் அள்ளித் தின்னுட்டு மறுபடியும் பட்டினி. உங்க வீட்டுல இருந்தப்பவும் அதேதான். எனக்கு எது ஒத்துக்கும்னு கண்டுபிடிக்க எட்டு வருஷம் ஆச்சு. கண்டுபிடிச்சப்போ கண்ணு காத்துக்கிட்டு இருக்கல. உங்களுக்கு அவ்வளவு நேரம் எதுக்கு அண்ணி?"

 காலையில் அந்த வளைந்த கோட்டைப் பார்த்து உதட்டைச் சுழித்ததும், அந்தக் குளிர்ச்சியும் டெய்லரம்மாவுக்கு நினைவுக்கு வந்தன.  தன்னையே ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லாதீங்க. அவன் இப்பதான் உடம்பு தேறி வர்றான். சொன்னா சாப்பாடு இறங்காது அவனுக்கு. லேசர் முடிஞ்சதும் நானே சொல்லிக்கறேன். சத்தியம் பண்ணுங்க."

"என் புருஷன்கிட்ட நான் மறைக்கணும், அப்படித்தானே?"

"அவன் உங்ககிட்ட மூணு கிலோ மறைக்கலையா?"

இந்தக் குடும்பத்துப் பேச்சே இப்படித்தான். அழுகையும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வந்து தொலைத்தன. டெய்லரம்மா குட்டியின் கையை இழுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். சத்தியம் என்று வாயால் சொல்லவில்லை. கையை விடவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, கத்தரியை எடுத்துப் பேண்ட்டின் நீலத் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். மெஷின் நல்ல மெஷின், அவளுடையதைவிடச் சத்தம் குறைவு. அதைப் பார்த்து ஒரு சின்னப் பொறாமை எட்டிப் பார்த்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள்.

அப்போதுதான் கண்ணாடிக் கதவு திறந்தது.

"குட்டி, இந்தப் பேண்ட்டும் நிக்க மாட்டேங்குது. லிஃப்ட்டுக்குள்ள இருந்த அம்மாவைத் தூக்கி விடறப்ப மானமே போகப் பாத்துது. அந்தம்மாவுக்கு ஒண்ணுமில்ல, நல்லா இருக்காங்க. இதையும் கொஞ்சம் பிடிச்சு..."

மெக்கானிக் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆளுயரக் கண்ணாடியில் இன்னொரு மெக்கானிக்கும் அப்படியே நின்றார். இரண்டு பேரும் டெய்லரம்மாவைப் பார்த்தார்கள்.

"குடுங்க, பிடிக்கறேன்" என்றாள் அவள். "இனிமே உங்க இடுப்புக்கு நான்தான். அந்த இரும்புச் சாமானையெல்லாம் எடை மெஷின் மேலயே வச்சிருக்கேன், பத்திரமா எடுத்துக்குங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை வெறும் பாக்கெட்டோட ஏறுங்க. எனக்கு வயிறெரியும். எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகுது."

மெக்கானிக் அசடு வழிந்தார். திட்டு விழவில்லை என்பதை அவரால் நம்ப முடியவில்லை. மனைவி முகத்தையும் தங்கை முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் சிரிப்பு மெதுவாக இறங்கியது.

"ரெண்டு பேரும் ஏன் அழுதிருக்கீங்க?"

குட்டி அண்ணியைப் பார்த்தாள். முகத்தைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பி.

"அவ தினமும் சோறு சாப்பிடறா. நான் சாப்பிடல. அதான் அழுகை" என்றாள் டெய்லரம்மா. "பேச்சை விடுங்க. அந்தக் கறுப்பு நூலை எடு குட்டி, வேலையை முடிப்போம்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. எழுந்து தானே எடுப்பதற்குள் குட்டி சுறுசுறுப்பாக, எல்லாம் சரியாக இருக்கிறது என்று காட்டுகிற அவசரத்தில், அலமாரியில் கையை விட்டு ஒரு நூற்கண்டை எடுத்து நீட்டிவிட்டாள்.

டெய்லரம்மா சட்டென்று அதை வாங்கி உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். "ஆமா, இதுதான்" என்றாள்.

மெக்கானிக் அந்த மூடிய கையைப் பார்த்தார். விரலிடுக்கில் ஓரம் தெரிந்தது. தங்கையின் முகத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். இடுப்பைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

"குட்டி" என்றார். "அது நீலம்மா."